கூடு முதலில், கோழி பிறகு

(சற்றே நீண்ட பதிவு. கால்நடை அறிவியல், ஊரக மேம்பாடு, காட்டுயிரியல் ஆகிய மூன்று துறை நண்பர்களும் வாசித்து மறுமொழி தர வேண்டுகிறேன்.)

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் ஓர் எண் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. இந்தியாவின் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 31.7 கோடி. 2012ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதல். அதே காலத்தில் பண்ணைக் கோழிகளின் வளர்ச்சி 4.5 விழுக்காடு மட்டுமே. எனவே ஏழைகளின் கோழி வளர்கிறது, ஏழைகளும் வளர்கின்றனர் என்று அடுத்த வரி எழுதப்பட்டுவிடுகிறது.

கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்த நாளில் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைத்தான் அந்த எண் சொல்கிறது. முந்தைய மாதத்தில் எத்தனை கோழிகள் இரவோடு இரவாகக் காணாமற்போயின என்பது அதில் இல்லை. நோய்க்கு அடுத்தபடியாக, சில பருவங்களில் நோயையும் விஞ்சி, ஏழைக் குடும்பத்தின் கோழிகளைக் கொண்டுசெல்வது நரி, கீரி, மரநாய், காட்டுப்பூனை, தெருநாய் ஆகியவைதாம் என்பது கிராமத்தில் வாழும் எவருக்கும் தெரியும். ஆயினும் இந்த இழப்பைத் தடுப்பதற்கான மிக மலிவான கருவியாகிய இரவுக்கூடு, நம் திட்டங்களிலும் ஆய்வுகளிலும் ஒரு பின்குறிப்பாகவே இருக்கிறது. குஞ்சுக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியை முதலில் கூட்டுக்குச் செலவிட வேண்டும், கூடு நிற்காத வீட்டுக்குக் குஞ்சு வழங்கக் கூடாது என்பதே என் வாதம்.

என் முனைவர் பட்ட ஆய்வுப்பொருள் கோழியன்று. ஜார்க்கண்டின் சந்தால் பர்கானாப் பகுதியிலிருந்து மேற்கு வங்கத்தின் பர்த்தமான் சமவெளிக்கு நாற்று நடவும் கதிர் அறுக்கவும் செல்லும் குடும்பங்களின் பருவகால இடப்பெயர்வை ஆராய்கிறேன். குடும்பம் கிளம்பும்போது எது விற்கப்படுகிறது, எது யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று கேட்கத் தொடங்கியபோதுதான் கோழி என் குறிப்பேட்டிற்குள் நுழைந்தது. ஆடும் மாடும் ஆடவர் பேச்சில் வரும். கோழியைப் பற்றிக் கேட்டால் பெண்கள் விடை சொல்வர். உப்பு, எண்ணெய், பிள்ளையின் தேர்வுக் கட்டணம், காய்ச்சலுக்கு மருந்து, பூசைக்குரிய சேவல் என யாரிடமும் கைநீட்டாமல் அவர்களால் புரட்டக்கூடிய ஒரே பணம் அது. ஒரு வளர்ந்த சேவல் வாரச்சந்தையில் விவசாயக் கூலிப் பெண்ணின் ஒரு நாள் ஊதியத்தைவிடக் கூடுதலான விலைக்குப் போகும். ஓர் இரவில் ஐந்து கோழிகள் போயின என்பதை அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், கொல்வது யார்? தமிழில் நரி, குள்ளநரி என்னும் இரு சொற்களையும் நாம் மயக்கி வழங்குகிறோம். இந்தியில் சியார், லோம்டி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கின்றனர். முன்னது எட்டு, பத்துக் கிலோ எடையுள்ள பொன்னிற நரி. பின்னது இரண்டு, மூன்று கிலோ மட்டுமே எடையுள்ள இந்தியக் குள்ளநரி. இக்குள்ளநரியின் உணவில் பூச்சிகள், எலிகள், இலந்தை போன்ற பழங்களே பெரும்பங்கு. வளர்ந்த கோழியைத் தூக்கிச்செல்வது பெரும்பாலும் பொன்னிற நரி. ஆனால் பழி இரண்டின்மீதும் விழுகிறது. அதுமட்டுமன்றி, நரியின் கணக்கில் எழுதப்படும் இழப்புகளில் கணிசமானவை வேறு விலங்குகளுடையவை. முழுக் கோழியும் மறைந்து, வேலியோரம் வரை இறகுகள் சிதறிக் கிடந்தால் நரியை ஐயுறலாம். கழுத்திலும் தலையிலும் கடியுண்டு, உடல் பெரும்பாலும் தின்னப்படாமல் கூட்டுக்குள்ளேயே கிடந்தால் கீரி. பல கோழிகள் குதறப்பட்டு முற்றமெங்கும் கிடந்தால், பெரும்பாலும் நாய். அது அடுத்த வீட்டு நாயாகவும் இருக்கலாம். ஊர் அமைதியை முன்னிட்டு அப்போது நரியின் பெயரைச் சொல்வதே எல்லோருக்கும் வசதி. முட்டையும் சிறு குஞ்சும் ஓசையின்றி மறைந்தால் சாரைப்பாம்பையோ எலியையோ நினைக்க வேண்டும். பகலில் குஞ்சு போனால் வல்லூறு, பருந்து, காகம்.

இந்தப் பிரிப்பு வெறும் விலங்கியல் ஆர்வத்திற்காக அன்று. எட்டுக் கிலோ நரியைத் தடுக்கும் மூங்கில் தட்டியின் இடைவெளியில் கீரி எளிதாக நுழையும். கீரியைத் தடுக்கும் மெல்லிய வலையை நாய் கிழித்தெறியும். எதிரி யாரென்று அறியாமல் வாங்கும் பொருள் ஏழைக்கு இரட்டை நட்டம்.

இரண்டாவது, ஏன் ஒரே இரவில் அத்தனையும் சாகின்றன? இதனை விலங்கின் வெறி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஹான்ஸ் க்ரூக் 1972இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. இங்கிலாந்தின் கடற்கரையில் கருந்தலைக் கடற்காகங்கள் திரளாக முட்டையிடும் இடத்தில், இருண்ட இரவுகளில் செந்நரிகள் தம்மால் தின்னக்கூடியதைவிட மிகப் பலவற்றைக் கொன்று விட்டுச் செல்வதை அவர் ஆராய்ந்தார். வயிறு நிறைந்தால் வேட்டை விலங்கு இரையைத் தேடிச் செல்வதை நிறுத்திக்கொள்ளும். ஆனால் தப்பியோடாத இரை கண்முன்னே இருக்குமானால், பிடிப்பதையும் கொல்வதையும் நிறைந்த வயிறு தடுப்பதில்லை. காட்டில் முதல் இரை வீழ்ந்தவுடன் மற்றவை கலைந்துவிடும் என்பதால் இந்நிலை அரிதாகவே நேரும்.

இப்போது கோழிக்கூட்டை நினைத்துப் பாருங்கள். கோழிக்கு இருளில் கண் தெரியாது. காட்டுக்கோழியின் வழிவந்த அது, மாலை மங்கியதும் உயரமான கிளையில் ஏறி விடியும்வரை அசையாமல் அமர்ந்திருக்கும் இயல்புடையது. அந்த அசைவின்மை மரத்தின்மேல் பாதுகாப்பு. நான்கு சுவருக்குள் கீரி நுழைந்துவிட்டபின் அதுவே சாவு. எனவே சரியாக அடைக்கப்படாத கூடு, கூடே இல்லாத நிலையைவிடக் கொடியது. புளியமரத்தில் அடையும் பத்துக் கோழிகளில் மரநாய் ஒன்றைக் கொண்டுபோகும், மற்றவை படபடத்துச் சிதறும். ஓட்டையுள்ள கூட்டில் அடைத்த பத்தும் காலையில் கிடக்கும். 'கூடு கட்டிப் பார்த்தோம், பயனில்லை' என்று நான் கேட்ட சலிப்புகளில் பல, பாதி கட்டப்பட்ட கூடுகளைப் பற்றியவை.

அப்படியானால் முழுமையான கூட்டுக்கு எவ்வளவு ஆகும்? இங்குதான் நம் விரிவாக்கக் கையேடுகள் வாசகரை அச்சுறுத்துகின்றன. சிமெண்டுத் தளம், செங்கற்சுவர், நாற்புறமும் கம்பிவலை, தகரக்கூரை என்று அவை வரையும் கூட்டில் அந்தக் கோழியை வளர்க்கும் பெண்ணே குடியிருக்கலாம். இரவுக்கூடு உறங்குவதற்கு மட்டுமே. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி போதும். நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமுள்ள ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் அடையும். சுவர் முழுவதும் வலை வேண்டியதில்லை. மூங்கிற்பிளாச்சுகளை நெருக்கமாகப் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்து மெழுகினால் சுவர் ஆயிற்று. காற்றுக்காக மேற்புறம் விடும் சாளரத்திற்கு மட்டுமே வலை தேவை. அது மொத்தம் ஆறேழு சதுர அடிக்கு மேற்படாது.

அந்த ஆறேழு சதுர அடியில்தான் சிக்கனம் கூடாது. கடைகளில் கோழிவலை என்ற பெயரிலேயே விற்கப்படும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலை, கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்பட்டது. நரியை வெளியே நிறுத்த அதனால் இயலாது. நாய் அதனைப் பல்லால் கிழிக்கும். கண்வழியே முன்னங்காலை நுழைத்து, ஓரமாக உறங்கும் கோழியை மரநாய் பற்றிக்கொள்ளும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் விலை கூடுதல்தான். ஆனால் பாம்பு, எலி முதல் நரி வரை அதன் முன் நின்றுவிடும். அதனை ஆணியின் தலையில் மாட்டி வளைப்பது பயனற்றது. சட்டத்தின்மேல் வலையை வைத்து, அதன்மேல் மூங்கிற்பட்டையை அழுத்தி ஆணியடித்தால் இழுத்தாலும் பிரியாது.

கூட்டை நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்தி நான்கு கால்களில் நிறுத்தலாம். ஈரம் அண்டாது, தோண்டி நுழைவோருக்கும் வழியில்லை. தரையில் பதித்தே கட்டவேண்டுமானால், சுவரைச் சுற்றி ஓரடி அகலத்திற்குக் கருங்கற்களை நெருக்கமாகப் பரப்பினால் போதும், ஆழமாக அகழி தோண்ட வேண்டாம். நரி சுவரின் அடியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், கல் தட்டுப்பட்டால் விலகும். உயர்த்திய கூட்டின் கால்களில் எலியும் பாம்பும் ஏறாமலிருக்க, காலியான எண்ணெய்த் தகரத்தை வெட்டி வழவழப்பான பக்கம் வெளியே தெரியுமாறு சுற்றலாம். உள்ளே படுக்கைக்கழி ஒன்று அவசியம். கழியில் அமர்ந்த கோழி சுவரோரம் ஒண்டாது. கதவுக்கு உட்புறமாகத் தள்ள இயலாத தாழ்ப்பாள் வேண்டும். கயிற்றால் கட்டும் கதவு முதல் வாரம் கட்டப்படும், மூன்றாம் வாரம் சாத்தப்படும், அதற்கடுத்த வாரம் கல் ஒன்றைச் சாய்த்து வைப்பதோடு நிற்கும்.

சந்தால் பர்கானாவில் மாஹ்லி சமூகத்தார் தலைமுறைகளாக மூங்கில் பின்னுபவர்கள். பிளாஸ்டிக் வந்தபின் அவர்களுடைய கூடைகளுக்குச் சந்தை சுருங்கிவருகிறது. நான் விவரித்த கூட்டின் மூங்கில் வேலையை அவர்கள் கைக்கு விளையாட்டு எனலாம். மூங்கில், வலை, கீல், தாழ்ப்பாள், கூலி அனைத்தையும் கூட்டினாலும் செலவு இரண்டு மூன்று வளர்ந்த நாட்டுச்சேவல்களின் விலைக்குள் அடங்கும் என்பதே நான் சந்தைகளில் விசாரித்து அறிந்தது. கூட்டை வெளியூர் ஒப்பந்ததாரரிடம் தகரத்தில் செய்து வாங்கினால் கோடையில் அது அடுப்பாகும். அந்தப் பணமும் ஊரைவிட்டு வெளியேறும்.

பொருட்செலவைப் பேசும் அறிக்கைகள் ஒன்றை மறந்துவிடுகின்றன. கூட்டின் கதவை யாரேனும் ஒவ்வொரு மாலையும் சாத்த வேண்டும். சாத்தும் நேரம் பொழுது சாயும் அரைமணி. தண்ணீர் எடுப்பது, அடுப்பு மூட்டுவது, ஆட்டைக் கட்டுவது, அழும் குழந்தையைத் தூக்குவது அனைத்தும் அந்த அரைமணியில்தான். கோழிகள் தாமாகவே வந்து அடைவது இயற்கை நமக்குத் தந்த இலவச உழைப்பு. ஆனால் கடைசிக் கோழி வரும்வரை காத்திருந்து எண்ணித் தாழிடுவது பெண்ணின் உழைப்பு. கூடு வாசலுக்கு எதிரே, சமையலிடத்திலிருந்து பார்வை படும் இடத்தில் இருந்தால் கதவு சாத்தப்படுகிறது. கொல்லையின் கோடியில் இருந்தால் மறக்கப்படுகிறது. நடவுக்கும் அறுவடைக்கும் இளையோர் பர்த்தமான் சென்றபின், கண்பார்வை குறைந்த மூதாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் எஞ்சும் வாரங்களில் என் குறிப்பேட்டில் கோழி இழப்புகள் நெருக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. அதே மாதங்களில் வீட்டின் ஓரம்வரை நெற்பயிர் உயர்ந்து நரிக்கு மறைவும் தருகிறது. அப்படி எஞ்சியிருந்த மூதாட்டி ஒருவர் திண்ணையிலிருந்தபடி என்னிடம் கேட்டார்: "குஞ்சு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், போட்டோவும் எடுத்தார்கள். எல்லாம் சரி பாபு, ராத்திரி இதுகள் எங்கே படுக்கும் என்று ஒருவராவது கேட்டார்களா?"

அந்தக் கேள்வியோடு திட்டங்களைப் பார்க்கலாம். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற இனங்கள் புறக்கடைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நிறமுள்ள இறகும் நீண்ட காலும் எதிரியிடமிருந்து தப்ப உதவும் என்ற சிந்தனை அவற்றின் உருவாக்கத்திலேயே உண்டு. பாராட்டத்தக்கது. ஆனால் அவை அடைகாப்பதில்லை. எனவே குஞ்சுகள் பொரிப்பகத்தில் பிறந்து, தாய்க்கோழி இல்லாமல் விளக்கின் வெப்பத்தில் நான்கு வாரம் வளர்ந்து கிராமத்திற்கு வருகின்றன. வானத்திலிருந்து வரும் எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு வேறொரு குரல் என்று கோழிகள் பிரித்து எச்சரிப்பது ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்டது. குரல் கொடுக்கவும், சிறகுக்குள் ஒளித்துக்கொள்ளவும், பருந்தின்மேல் பாயவும் தாய் இல்லாத நான்கு வாரக் குஞ்சு வல்லூறின் கால்நகத்திற்குச் சரியான அளவு. வளர்ந்தபின் வனராஜாவின் எடை நாட்டுக்கோழியைவிட மிகுதி. நாட்டுக்கோழி பறந்தேறும் கூரைக்கு அதனால் ஏற இயலாது. மரத்தில் அடையும் வழக்கமுள்ள ஊரில் மேம்பட்ட இனத்திற்கு மேம்பட்ட கூடு வேண்டும் என்பது இதனாலேயே கட்டாயமாகிறது. பகற்காலத்திற்குப் பெரிய செலவில்லை. எட்டு வாரம் ஆகும்வரை கவிழ்த்த மூங்கிற்கூடையின் கீழ், பிறகு முற்றத்தில் ஆங்காங்கே குவித்த முள்தழையின் மறைவில் அவை தப்பிக்கொள்ளும். நாட்டுக்கோழி ஒன்று அடைகாத்து அந்தக் குஞ்சுகளை ஏற்றுக்கொண்டால் அதைவிட நல்ல காவலில்லை.

தேசிய கால்நடை இயக்கத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்த வடிவம் தொழில்முனைவோரை முன்னிறுத்துகிறது. குறைந்தது 1000 தாய்க்கோழிகளோடு பொரிப்பகமும் குஞ்சு வளர்ப்பகமும் அமைப்போருக்கு 50 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். குஞ்சு உற்பத்திக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பொரிப்பகத்திற்கும் புளியமரத்திற்கும் இடையே உள்ள கடைசி நூறு அடிக்கு இதில் பெயரில்லை. புலியோ சிறுத்தையோ மாட்டைக் கொன்றால் இழப்பீடு கேட்க ஒரு படிவமாவது உண்டு. நரி கொண்டுசென்ற கோழிக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கோரவில்லை. ஐந்து கோழிக்கு இழப்பீடு பெற மூன்று முறை அலுவலகம் நடக்கும் செலவில் ஒரு கூடு கட்டிவிடலாம்.

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஊரே காலியாகும், நீங்கள் நரியைப் பேசுகிறீர்களே என்று கால்நடை மருத்துவ நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தடுப்பூசிதான் முதற்காவல். ஆயினும் தடுப்பூசிக்கும் கூடு வேண்டும். நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து ஒரே குப்பியில் வருகிறது, திறந்தால் சில மணி நேரத்திற்குள் தீர்க்க வேண்டும். மரந்தோறும் அடைந்த கோழிகளைத் துரத்திப் பிடித்து அது நடவாது. கூடுகளில் அடைந்திருந்தால் விடியற்காலையில் ஓர் ஊரையே முடித்துவிடலாம்.

இன்னொரு தரப்பு நரியை ஒழித்துவிடச் சொல்கிறது. வெளிப்படையாகச் சொல்வோர் குறைவு, செய்வோர் உண்டு. பயிருக்கு வாங்கிய குருணை மருந்தை இறைச்சித்துண்டில் தடவி வரப்பில் வைப்பது கூட்டைவிட மலிவு என்பதால் நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம் என்று அறிவிப்புப்பலகை வைத்து நிறுத்த இயலாது. அந்த நஞ்சு ஊர்நாயையும் கழுகையும் கொல்லும், எலி பெருகும், காலியான இடத்திற்குப் புதிய நரி வரும் என்பதைக் கோழியை இழந்தவரிடம் சொற்பொழிவாகச் சொல்வதிலும் பயனில்லை. தாழிட்ட கூட்டில் கோழி உறங்கும் வீட்டில் நஞ்சு வைக்க எவருக்கும் தோன்றாது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு நிதி தேடும் நிறுவனங்கள் வெல்டு மெஷ் வாங்கித் தருவதைத் தம் செலவினப் பட்டியலில் சேர்க்கலாம்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். புறக்கடைக் கோழி குறித்து நான் வாசித்த ஆய்வேடுகளின் வினாநிரல்களில் பல, இறப்பு என்று ஒரே ஒரு நிரலை வைத்து நோயையும் வேட்டையையும் அதில் கொட்டிவிடுகின்றன. அதனை உடைத்து, எந்த மாதம், இரவா பகலா, குஞ்சா வளர்ந்ததா, உடல் கிடைத்ததா, கூடு இருந்ததா, அன்று கதவு தாழிடப்பட்டிருந்ததா, யார் தாழிடுவார், அவர் அன்று ஊரில் இருந்தாரா என்று எட்டுக் கேள்விகளாக்கினால் போதும். வரும் பருவத்தில் களம் செல்லும் முதுகலை மாணவர்கள் இதனை எளிதாகச் சேர்த்துக்கொள்ள இயலும். நான் பயன்படுத்தும் படிவம் இந்தியிலும் சந்தாலியிலும் இருக்கிறது. தமிழ், தெலுங்கு வடிவங்களைச் செய்ய முன்வருவோர் உள்பெட்டியில் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.